இமை முடி கர்லரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 24. என் இமை முடி வளைவே இல்லாமல் நேராக இருக்கும். அதனால் ஒரு வருடமாக, இமை முடியை அழுத்தி வளைக்கும் ஐலேஷ் கர்லர் பயன்படுத்துகிறேன். மஸ்காரா போட்டு, அது காய்ந்த பிறகு கர்லரால் அழுத்துவேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு முடிகள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. காலையில் எழுந்ததும் இமை ஓரம் அரிக்கிறது. அம்மா கர்லரைத் தூக்கி எறியச் சொல்கிறார். தங்கையும் இதையேதான் பயன்படுத்துகிறாள். உதிர்ந்த முடி திரும்ப வளருமா? வேறு கர்லர் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வளரும். வேரோடு வந்த இமை முடி திரும்ப முளைத்துப் பழைய நீளத்துக்கு வரப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அந்த வேர் நலிந்து, ஒரு கட்டத்தில் முளைப்பதையே நிறுத்திவிடலாம். நீங்கள் இரண்டே மாதத்தில் கவனித்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, மஸ்காரா போட்டுவிட்டு வளைக்கிறேன் என்று எழுதியிருப்பதுதான். அந்த வரிசையை இன்றே மாற்றுங்கள். காய்ந்த மஸ்காரா முடியை விறைப்பாக்கிவிடும். அதை வளைத்தால் ஒடியும். ஒடியாவிட்டாலும் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். கர்லரை எடுக்கும்போது முடியும் சேர்ந்து வந்துவிடும். எதுவும் பூசாத, சுத்தமான, நன்றாக உலர்ந்த முடியைத்தான் வளைக்க வேண்டும். மஸ்காரா அதற்கு அப்புறம்தான்.

அடுத்த முறை விழும் முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளை முண்டு தெரிந்தால் அது வேரோடு வந்த முடி. நாள் ஒன்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தானாகவே விழுவது இயல்புதான். ஒரே அழுத்தில் மூன்று நான்கு வருவது இயல்பல்ல. முண்டு இல்லாமல் முனை மொட்டையாக இருந்தால், அந்த முடி உதிரவில்லை, வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது ரப்பர் பட்டையைப் பாருங்கள். மேல் கம்பி அழுந்தும் இடத்தில் நகம் பதிகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் கம்பியின் விளிம்பு இறங்கும்போது கர்லர் கத்தரிக்கோல் வேலை செய்கிறது.

சில காலம் முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். இடது கண்ணில் நடுப்பகுதி முடி மட்டும் சட்டென்று குட்டையாகிவிட்டது என்றார். நுண்ணோக்கியில் பார்த்தால், ஏழெட்டு முடிகள் அளவெடுத்து நறுக்கியதுபோல ஒரே நேர்கோட்டில் நின்றன. கர்லரைக் கொண்டுவரச் சொன்னேன். பட்டை ஒரு பக்கம் நழுவி, அந்த இடத்தில் கம்பியும் கம்பியும் நேராக மோதிக்கொண்டிருந்தன. பட்டையை மாற்றினார், இரண்டு மாதத்தில் முடி சரியானது. தினமும் பயன்படுத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டையை மாற்றிவிடுங்கள். கோடோ வெடிப்போ தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அதனால் புதியது வாங்கும்போது, மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அடுத்தது வளைவு. எல்லாருடைய கண்ணும் ஒரே வளைவில் இருப்பதில்லை. சற்றே முன்னால் எடுப்பாக இருக்கும் கண்ணுக்கு வளைவு அதிகமான கர்லர் பொருந்தும். தட்டையான கண்ணுக்கு வளைவு குறைந்தது. அழுத்தாமல் இமை அருகே வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். இரு ஓரத்து முடிகளும் உள்ளே வர வேண்டும், அதே சமயம் கர்லரின் மூலை தோலில் குத்தக் கூடாது. ஓரத்து முடி மட்டும் உள்ளே வரவில்லையென்றால், பெரிய கர்லரைத் தோலில் அழுத்தி வரவழைக்க வேண்டாம். அதற்கென்றே அகலம் குறைந்த சின்னக் கர்லர் இருக்கிறது. கைப்பிடியை மூடித் திறக்கும்போது மேல் கம்பி இடவலமாக ஆடினால் அதை வாங்காதீர்கள். சூடேற்றும் வகை உங்களுக்கு இப்போது வேண்டாம். சாதாரணக் கர்லரை ஹேர் டிரையரிலோ லைட்டரிலோ சூடாக்குவது யாருக்குமே வேண்டாம். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, நொடியில் வெந்துவிடும்.

பயன்படுத்தும்போது கண்ணாடியை முகத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் தாழ்வாக வைத்துக் கீழே பாருங்கள். இமை இறங்கி, முடியின் அடி தெளிவாகத் தெரியும். கர்லரைப் பாதி மூடியதும் ஒரு கணம் நிறுத்தி, தோல் மாட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு மெதுவாக அழுத்தி 5 முதல் 10 நொடி பிடியுங்கள். வலித்தால் தோல் மாட்டியிருக்கிறது என்று பொருள். முழுவதும் திறந்த பிறகுதான் கையை நகர்த்த வேண்டும். மூடியபடி இழுக்கவே கூடாது. வேண்டுமானால் முடியின் நடுவில் இன்னொரு முறை லேசாக அழுத்தலாம். வளைவு சீக்கிரம் படுத்துவிடுகிறதே என்று இன்னும் பலமாக அழுத்துகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஈரம்தான். முகம் கழுவிய கையோடு வளைத்தால் நிற்காது. ஓடும் வண்டியில் உட்கார்ந்து மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு குலுக்கலில் கருவிழியில் கீறல் விழுந்துவிடும், அந்த வலி சாதாரணமாக இருக்காது.

சரி, அரிப்புக்கு வருவோம். முடி உதிர்வதைவிட எனக்கு இதுதான் கவலை. முடியின் அடியில் பொடுகு போலச் செதில், காலையில் எரிச்சல், பிசுபிசுப்பு இருந்தால் அது இமை ஓர அழற்சியாக இருக்கலாம். அதுவே முடியைத் தளர்த்தி உதிர வைக்கும். அப்படியானால் கர்லர் ஏற்கெனவே தளர்ந்ததைத்தான் எடுத்து வருகிறது. இமை ஓரத்தைவிட இமைத்தோல் சிவந்து, உலர்ந்து, அரித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிப்பேன். கம்பியில் உள்ள நிக்கலோ, பட்டையின் ரப்பரோ, மஸ்காராவோ காரணமாகலாம். விலை குறைந்த உலோகத் தோடு போட்டால் காது புண்ணாகும் வழக்கம் உங்களுக்கு உண்டா? இருந்தால் நிக்கல்மேல்தான் என் முதல் சந்தேகம். ஒவ்வாமை பயன்படுத்திய அன்றே தெரிவதில்லை, ஓரிரு நாள் கழித்துக்கூட வரும். அதனால்தான் பலர் கர்லரைச் சந்தேகிப்பதே இல்லை.

எதுவானாலும் மூன்று வாரம் கர்லரையும் கண் மேக்கப்பையும் நிறுத்துங்கள். இப்போதிருக்கும் மஸ்காராவைத் தூக்கிப் போடுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்து, இமை ஓரத்தை மெல்லத் துடைத்துவிடுங்கள். அரிப்பு தணியாவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அன்றே போக வேண்டும். ஒரே இடத்தில் முடி கொட்டி அங்கே ஆறாத தடிப்பு இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. முடி கருவிழியைத் தொட்டு உறுத்துகிறதா என்பதையும் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கர்லர் தீர்வல்ல, தனிச் சிகிச்சை உண்டு.

அம்மா சொன்னதை இந்த ஒரு கர்லர் அளவில் கேளுங்கள், இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்துப் புதியது வாங்கினால் இரண்டாக வாங்குங்கள், தங்கைக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பிறகு பட்டையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு வையுங்கள். அவளுக்கும் காலையில் இமை அரிக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.