நிறுத்தினது தப்பா, அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. வேலை முடிந்து தினமும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகத்தான் காரில் வீட்டுக்குப் போவேன். போன மாதம் ஒரு மாலை, மழை விட்ட நேரம், நடப்பவர்கள் சாலையைக் கடக்கும், சிக்னல் இல்லாத வெள்ளைக்கோட்டின் ஓரத்தில் ஒரு பெரியவர் வெள்ளைக் கோலோடு நின்றார். பார்வை இல்லாதவர். இடது தடத்தில் வந்த நான் நிறுத்தினேன். பின்னால் இருந்தவர் விடாமல் ஹார்ன் அடித்தார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. கண்ணாடியை இறக்கி “போங்க அங்கிள், போங்க” என்றேன். அவர் ஓரடி வைத்ததுமே என் காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு மோட்டார்சைக்கிள் புகுந்து போனது. கோல் அடிபட்டுப் பறந்தது. நல்லவேளை, அவருக்குக் காயம் இல்லை. இறங்கிப்போய்க் கோலை எடுத்துக் கொடுத்தேன், வளைந்திருந்தது. “பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டு நடந்தார். காரில் இருந்த என் மனைவி, “நீங்க நிக்காம போயிருந்தா அவர் அங்கேயே பத்திரமா நின்னிருப்பார். உங்க நல்ல மனசுதான் அவரைக் கொல்லப் பார்த்துச்சு” என்றாள். அன்றிலிருந்து வெள்ளைக்கோட்டைக் கண்டாலே கால் பிரேக்குக்கும் எண்ணெய் மிதிக்கும் நடுவில் தடுமாறுகிறது. நிறுத்துவதா, போய்விடுவதா?
— பெயர் வேண்டாம், பூச்சோங்.

பதில்: தம்பி, நிறுத்துங்கள். இனியும் நிறுத்துங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் உங்கள் மனைவி சொன்னதைக் கோபத்தில் சொன்ன வார்த்தை என்று தள்ளிவிடாதீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் நின்றது சரி. நின்ற பிறகு செய்ததுதான் அந்தப் பெரியவரை மோட்டார்சைக்கிளுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது.

‘நல்ல மனசு’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. எல் லைசென்ஸ் எடுப்பதற்கு முன் கணினித் தேர்வு எழுதினீர்களே, 50 கேள்வியில் 42 சரியாக வந்தால்தான் தேர்ச்சி, அதற்காகப் படித்ததை நினைத்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத வெள்ளைக்கோட்டில் நடப்பவருக்குத்தான் முதல் வழி. அந்த இடம் அவருடையது. நாம் அதைத் தானம் கொடுப்பதுபோல் நினைத்துக்கொள்வதால்தான் ‘கொடுத்துவிட்டேன், சீக்கிரம் வாங்கிக்கொள்’ என்று கையை ஆட்டுகிறோம், குரல் கொடுக்கிறோம், அவர் மெதுவாக நடந்தால் நமக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கை ஆட்டலைப் பற்றி எனக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன் பினாங்கில், ஒரு பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில், பின்னல் போட்ட ஒரு சிறுமிக்காகக் காரை நிறுத்தினேன். அவள் தயங்கினாள். நான் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினேன். என்னை நம்பி ஓடினாள். வலது தடத்தில் வந்துகொண்டிருந்த வேனை நான் பார்க்கவே இல்லை. வேன்காரர் மிதித்த மிதியில் டயர் தேய்ந்த வாடை வந்தது. சிறுமி கீழே விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். என் கைக்கு என் தடத்தை மட்டும் கொடுக்கத்தான் உரிமை இருந்தது. பக்கத்துத் தடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் ‘போ’ என்று கை காட்டியதில்லை.

நடந்தது என்னவென்றால், நின்ற கார் ஒரு சுவர். நடப்பவருக்கு, காரின் பின்னால் வருபவனைத் தெரியாது, பின்னால் வருபவனுக்கு நடப்பவரைத் தெரியாது. மோட்டார்சைக்கிள்காரன் கண்ணில் பட்டது ஏன் நிற்கிறது என்று தெரியாத ஒரு கார், அதன் ஓரத்தில் ஒரு சந்து. நம் ஊரில் மோட்டார்சைக்கிள் சந்தைக் கண்டால் நுழையும், உங்களுக்கே தெரியும். பார்வை இல்லாதவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் காரின் இஞ்சின் சத்தமும் பின்னால் இருந்தவரின் ஹார்னும் சேர்ந்து, வந்துகொண்டிருந்த மோட்டார்சைக்கிளின் சத்தத்தை மூடிவிட்டன. அவருக்குக் கண்ணாக இருந்த காதையும் அந்த நேரத்தில் அடைத்தாயிற்று. அப்போதுதான் நீங்கள் “போங்க” என்றீர்கள்.

இனி எப்படி நிறுத்துவது என்று சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடிக்கு 14 மீட்டர் ஓடும். ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, பிறகு கார் நிற்க இன்னும் ஒரு 14 மீட்டர். காய்ந்த சாலையிலேயே 28 மீட்டர், அதாவது ஏழு மைவி கார்களை வரிசையாக நிறுத்திய நீளம். மழைச் சாலையில் அதற்கும் மேலே. அதே கார் 30-இல் வந்தால் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். பள்ளிக்கூடப் பகுதிகளில் 30 என்று பலகை வைப்பது இதற்காகத்தான். 50-இல் மோதுவதைவிட 65-இல் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 கிலோமீட்டர் வித்தியாசம்தான், தம்பி. சாலை காலியாக இருந்தால் நமக்குத் தெரியாமலே ஏறிவிடுகிற வேகம் அது.

ஆகவே வெள்ளைக்கோடு தூரத்தில் தெரியும்போதே பின்கண்ணாடியையும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். ஓரத்தில் ஆள் நிற்கிறார் என்றால் அப்போதே பிரேக்கை லேசாகத் தொட்டு விடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். பின்னால் வருபவர் உங்களோடு சேர்ந்து மெதுவாவார். கடைசி நொடியில் அழுத்தி நிற்பதால்தான் பாதி ஹார்ன் வருகிறது. நிற்கும்போது கோட்டை முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு காரின் நீளத்துக்கு முன்னாலேயே நில்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தள்ளி நின்றால் அந்தச் சுவர் தள்ளிப்போகிறது. பக்கத்துத் தடத்தில் வருபவருக்கும், சந்தில் நுழைகிற பையனுக்கும், நடப்பவர் தெரிவார். அவர்கள் பிரேக் போட நாலைந்து மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். இடது ஓரத்தில் மோட்டார்சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் விடாமல், காரை நடைபாதைப் பக்கம் சற்றே ஒட்டி நிறுத்தினால் இன்னும் நல்லது.

நின்ற பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். கை வேண்டாம், குரல் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டுவதும் வேண்டாம். எப்போது அடி வைப்பது என்பதை நடப்பவர் முடிவு செய்யட்டும். நீங்கள் மறுபடி கண்ணாடியைப் பாருங்கள். எவராவது வேகமாக வருவது தெரிந்தால் அப்போது மட்டும் ஹார்னை நீளமாக அடியுங்கள். ஹார்ன் இருப்பது அந்த ஒரு நொடிக்காக.

பிரிக்ஃபீல்ட்ஸ் மற்ற இடங்களைப் போன்றது அல்ல. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது, அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்வை இல்லாதவர்கள் குடும்பமாக வாழ்கிறார்கள், உடம்பு பிடித்துவிடும் கடைகளில் வேலை செய்கிறார்கள், மோனோரயில் ஏறுகிறார்கள். நடைபாதையில் புடைப்புகளோடு மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பது அவர்கள் காலால் படிப்பதற்கு. அந்த ஓடுகளின் மேலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. அந்த வட்டாரத்தில் கார் ஓட்டும் நாம் அவர்கள் சாலையைக் கடக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அவர்கள் சத்தத்தை வைத்துச் சாலையைப் படிக்கிறார்கள். வண்டிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எப்போது அடங்குகின்றன, எப்போது மறுபடி கிளம்புகின்றன, இதையெல்லாம் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது சும்மா நிற்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு குரல் “போங்க” என்றால், அது யாருக்குச் சொன்னது, எந்தத் தடத்துக்குச் சொன்னது, ஒன்றும் விளங்காது. இப்போது மின்சாரக் கார்களும் பெருகிவிட்டன. ஓடும்போது டயர் சத்தமாவது கேட்கும். நின்றுவிட்டால் அது இருப்பதே தெரியாது. அதனால் நீங்கள் நின்றும் அவர் கடக்காமல் இருக்கலாம். கோலை உள்ளே இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தால் பெரும்பாலும் ‘நான் இப்போது வரவில்லை, நீ போ’ என்று பொருள். மெதுவாகப் போய்விடுங்கள், மனத்தாங்கல் வேண்டாம். உதவியே ஆகவேண்டும் என்று தோன்றினால் காரை முறையாக ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போய், “அங்கிள், கடக்கணுமா? என் கையைப் பிடிச்சுக்குறீங்களா?” என்று கேளுங்கள். உங்கள் முழங்கையை அவர் பிடிக்க வேண்டும். நீங்கள் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கோலை ஒருபோதும் தொடக் கூடாது.

பின்னால் ஹார்ன் அடித்தவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தடத்தை ஒரு வயதானவர் கடக்க எட்டு, ஒன்பது வினாடி ஆகும். அந்த மனிதருக்குப் போனது அவ்வளவுதான். இடைவெளி விட்டு வருவது அவர் கடமை, அவர் அவசரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

மோட்டார்சைக்கிள் பையனை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள், அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சாப்பாட்டுப் பையை முதுகில் கட்டிக்கொண்டு நிமிஷக் கணக்கில் ஓடுகிறவர்கள். மழை நனைத்த வெள்ளைச் சாயம் வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும். அன்று அவன் பிரேக் பிடித்திருந்தால் அவனும் அந்தப் பெரியவர் மேலேயே விழுந்திருக்கலாம். வீட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் தம்பியோ மச்சானோ இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் கார் நின்றால், தெரியாத ஓர் ஆள் அந்தக் காருக்கு முன்னால் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடப்பவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. நின்ற காரின் முன்னால் நடந்து, அந்தக் காரின் விளிம்பு முடிகிற இடத்தில் ஒரு கணம் நின்று அடுத்த தடத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அடி வைக்க வேண்டும். பினாங்கில் என் அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அங்கே அஞ்சடி, அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை, முழுக்கச் சாமானும் வண்டியுமாக அடைத்துக் கிடக்கும், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இல்லாமல் முடியாது. ஆனால் பார்வை இல்லாதவரிடம் போய் எட்டிப் பார் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் பாரத்தை ஓட்டுகிறவர் மேல் வைக்கிறேன்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. அந்த வெள்ளைக்கோட்டின் சாயம் மங்கியிருக்கிறதா, ஓரத்தில் இரட்டை வரிசையாகக் கார்களை நிறுத்தி மறைக்கிறார்களா, இரவில் வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். படம் எடுத்து, நாளும் நேரமும் இடமும் குறித்து, கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று எழுதாதீர்கள். கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கித் தாருங்கள் என்று கேளுங்கள். மேடு இருந்தால் எந்த வண்டியும் வேகம் குறைத்துத்தான் ஏற வேண்டும், சந்தில் நுழைகிற மோட்டார்சைக்கிளும் சேர்த்து. ஒரே ஆள் எழுதினால் கோப்பில் கிடக்கும். அந்தத் தெருக் கடைக்காரர்களிடமும் ஆசிரமத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களிடமும் சொல்லி, அவர்களையும் எழுத வையுங்கள்.

உங்கள் மனைவியிடம் வாதாடாதீர்கள். அன்று அவர் பயந்துபோனார், அந்தப் பயம் நியாயமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு இருவரும் அதே வெள்ளைக்கோட்டுக்கு நடந்து போங்கள். நாலு தடவை கடந்து பாருங்கள். எந்தக் காருக்கு உங்கள் கால் நம்பி அடி வைக்கிறது, எதைக் கண்டு பின்வாங்குகிறது என்று அவரையே கவனிக்கச் சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பெரியவர். கோல் வளைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வளைந்த கோலின் நுனி தரையில் சரியாக ஓடாது, அவருக்குத் தவறான செய்தியையே கொடுத்துக்கொண்டிருக்கும். பார்வை இல்லாதவர்கள் பழகிய வழியை எளிதில் மாற்ற மாட்டார்கள். அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றால் அவரைப் பார்க்கலாம். மன்னிப்புக் கேளுங்கள், புதிய கோல் வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் நீங்களாகக் கடையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நீளமான கோலை ஆளின் நெஞ்செலும்பு உயரத்துக்குப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவரையே கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போங்கள். அவர் தேர்ந்தெடுக்கட்டும், பணத்தை நீங்கள் கட்டுங்கள்.