கிளட்ச் வேண்டாம் என்கிறது முழங்கால்: எந்த கார் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 47. வீடு மேடவாக்கம், அலுவலகம் நுங்கம்பாக்கம். பள்ளிக்கரணை, வேளச்சேரி, கிண்டி வழியாக 20 கிலோமீட்டர். மாலையில் வீடு திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. 11 வருடமாக ஒரு சின்ன மேனுவல் கார் ஓட்டுகிறேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் நடுத்தர எஸ்யூவி வாங்கலாம் என்றிருக்கிறோம். ஆன்ரோடு 19 லட்சம் வரை போகலாம். "டர்போ கிரெட்டா எடு அக்கா, மத்ததெல்லாம் வண்டியே இல்ல" என்கிறான் தம்பி. கணவர் ஹைரைடர் ஹைப்ரிட் என்கிறார். எலிவேட், டைகுன் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தோம், குழப்பம் கூடியதுதான் மிச்சம். வருடத்துக்கு இரண்டு முறை கும்பகோணம் போவோம். மாமியார் எங்களோடு இருக்கிறார், வீல்சேர்தான். கோயில், ஆஸ்பத்திரி என்றால் அவரையும் கூட்டிப் போக வேண்டும். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: 20 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் உங்கள் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். தம்பி அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது உதவும்.

கிரெட்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் 160 பிஎஸ் (குதிரைசக்தி) தரும். அருமையான இன்ஜின்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விஜயநகர் பேருந்து நிலையத்தைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும் சாலையில் அந்த 160 பிஎஸ்ஸுக்கு என்ன வேலை? தவிர, அது மேல் வேரியண்ட்டில்தான் வருகிறது, உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. அதோடு எனக்குப் பெரிய தயக்கம் அதன் கியர்பாக்ஸில்தான். நகரத்துக்கு ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ஷோரூமில் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டுவார்கள்.

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே நான்கு விதமான பெட்டிகள் இருக்கின்றன. டர்போ கிரெட்டாவில் இருப்பது டிசிடி. உள்ளே இரண்டு கிளட்ச். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு கணினி அவற்றை இயக்குகிறது. ஓடும் சாலையில் கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும். ஆனால் நெரிசலில் வண்டி இரண்டடி நகர்ந்து நின்று, மறுபடி இரண்டடி நகரும்போது அந்த கிளட்ச் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் மேனுவலில் 'ஹாஃப் கிளட்ச்' பிடித்து ஊர்வீர்களே, அதே கதைதான். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்றால் சூடும் சீக்கிரம் ஏறும். டைகுன், ஸ்கோடா குஷாக் கார்களின் 1.5 லிட்டர் மாடலில் வரும் 7 கியர் டிஎஸ்ஜியும் இதே ஜாதி. நான் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட காரை ஓட்டினேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு மே மாதச் சாயங்காலம் கத்திப்பாராவில், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று திரையில் எழுத்து வந்தது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன். அன்றைக்கு வந்த ஞானம்தான் இது. எல்லா டிசிடியும் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தினமும் ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை ஓடுகிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். மேடவாக்கத்துக்குச் சொல்ல மாட்டேன்.

டார்க் கன்வெர்டர் பழைய, நம்பகமான பெட்டி. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஊர்ந்து போவதால் தேயக்கூடிய கிளட்ச் அங்கே இல்லை. நீங்கள் பார்த்துவந்த டைகுனில் 1.0 லிட்டர் டர்போவோடு வருவது இதுதான். கிராண்ட் விட்டாரா, ஹைரைடரின் ஹைப்ரிட் அல்லாத ஆட்டோமேட்டிக்கும் இந்த வகைதான். ஆனால் அந்த 103 பிஎஸ் இன்ஜின் ஆள் ஏறியதும் கொஞ்சம் மூச்சு வாங்கும். சிவிடியில் கியர்ப் படிகளே கிடையாது. இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு உலோகப் பட்டையும்தான். குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எலிவேட்டில் இருப்பதும், கிரெட்டாவின் டர்போ இல்லாத 1.5 லிட்டரில் ஐவிடி என்று பெயர் மாற்றி விற்பதும் இதைத்தான். ஒரே குறை, ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் வேகம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கும்பகோணம் போகும் வழியில் லாரியைத் தாண்டும்போது இதை உணர்வீர்கள், முன்கூட்டியே இடம் பார்த்துத்தான் ஏற வேண்டும். நாலாவதான ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் வைத்து இயக்குவது) நீங்கள் பார்க்கும் விலையில் அநேகமாக இல்லை, விட்டுவிடலாம்.

இனி உங்கள் கணவரின் கட்சிக்கு வருகிறேன். உங்கள் பாதையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

ஹைரைடர் ஹைப்ரிட்டில் (கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டும் உள்ளுக்குள் அதே வண்டிதான்) 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடு ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து 116 பிஎஸ் தருகிறது. நெரிசலில் ஊரும்போது பெரும்பாலும் மோட்டார் மட்டுமே இழுக்கும், இன்ஜின் அணைந்திருக்கும். ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் நின்றாலும் குளிர் நிற்காது. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஆகும். அதாவது எந்த நெரிசல் மற்ற கார்களின் மைலேஜைத் தின்கிறதோ, அதே நெரிசலில்தான் இதற்கு மைலேஜ் கிடைக்கிறது. காகிதத்தில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அதை நம்ப வேண்டாம், 20 என்று வைத்துக்கொள்வோம். சிவிடி பெட்ரோல் கார் உங்கள் சாலையில் 11 கொடுத்தால் பெரிது. மாதம் 25 நாள் ஓடினால் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் சிவிடிக்கு சுமார் 1,09,000, ஹைப்ரிட்டுக்கு 60,000. வருடம் 49,000 ரூபாய் மிச்சம். ஹைப்ரிட்டுக்கு ஆன்ரோட்டில் இரண்டு, இரண்டரை லட்சம் அதிகம் கொடுத்தாலும் ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். ஒரு காரை 11 வருடம் வைத்திருக்கிற குடும்பம் உங்களுடையது. பேட்டரிக்கு ஹைரைடர் கம்பெனியான டொயோட்டா 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனாலும் எடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்புறம் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கடைசியில், போகிற போக்கில், 'வீல்சேர்தான்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள்.

ஹைப்ரிட்டின் பேட்டரி உட்கார்ந்திருப்பது பின்பக்க டிக்கியின் தரைக்குக் கீழே. அதனால் தரை உயர்ந்து, இடம் சுமார் 260 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. எலிவேட்டில் 458 லிட்டர், கிரெட்டாவில் 433. மடக்கிய வீல்சேரை ஹைப்ரிட் டிக்கியில் படுக்க வைத்தால் மூடி மூடுவதே சந்தேகம். பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்க வேண்டி வரும், அப்போது ஒரு ஆள் உட்கார முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவேளை சமாளிக்கலாம். நான்கு பேரும் வீல்சேரும் இரண்டு பெட்டியுமாகக் கும்பகோணம் போவதை நினைத்துப் பாருங்கள். கூரையில் கேரியர் போட்டுக் கட்டலாம் என்பார் ஒருவர். 47 வயதில், முழங்கால் வலியோடு, வீல்சேரைக் கூரைக்குத் தூக்குவது யார்?

ஆகவே என் ஓட்டு எலிவேட் சிவிடிக்கு. 121 பிஎஸ் தரும் டர்போ இல்லாத இன்ஜின். சாதாரணம்தான், ஆனால் தொந்தரவு தராத ரகம். கதவு அகலமாகத் திறக்கிறது. உயரமான காரில் முதியவர்களை ஏற்றுவது சிரமம் என்று பலர் நினைப்பார்கள். வீல்சேரிலிருந்து மாற்றும்போது விஷயம் வேறு: சீட்டும் வீல்சேரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைத்துவிடலாம். தாழ்ந்த காரில் இறக்கி, பிறகு தூக்கி எடுக்க வேண்டும், அதில்தான் இடுப்பு போகும். அதிக உயரமும் ஆகாது. எந்த உயரம் உங்கள் மாமியாருக்குச் சரி என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அவரையே கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டியதுதான். எலிவேட் சரிவரவில்லை என்றால் கிரெட்டா 1.5 ஐவிடி. உள்ளே இன்னும் வசதியாகவே இருக்கும், ஆனால் விலை கொஞ்சம் மேலே.

எலிவேட்டில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கையால் இழுக்கும் பழைய ஹேண்ட் பிரேக்கைத்தான் கொடுத்திருக்கிறார்கள், 'ஆட்டோ ஹோல்ட்' கிடையாது. சிக்னலில் நின்றதும் வண்டியே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வசதி அது. நெரிசலில் வலது காலுக்குப் பெரிய ஓய்வு. சன்ரூஃபுக்குப் பதில் எல்லா வண்டியிலும் இதைக் கட்டாயமாக்கலாம் என்பது என் கட்சி. கிரெட்டாவில் இது சில வேரியண்ட்டுகளில் உண்டு. வலது காலும் வலிக்க ஆரம்பித்துவிட்டது என்றால் அதற்காகவே கிரெட்டா பக்கம் போகலாம். டைகுனை நான் ஒதுக்கியது அது மோசமான கார் என்பதால் அல்ல. 2022-இல் குளோபல் என்சிஏபி விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி அது, ஓட்டவும் ஆசையாக இருக்கும். பின்சீட்டு மூன்று பேருக்கு இறுக்கம், அவ்வளவுதான். எதை எடுத்தாலும் ஆறு ஏர்பேக் உள்ள வேரியண்ட்டா என்று எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணக் கணக்கில் ஒரு விஷயம். ஆன்ரோடு 19 லட்சம் என்றால் ஷோரூம் விலை பதினைந்தரையைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். பதினைந்தரை லட்சத்துக்கு அதுவே 2,79,000 ஆகிவிடும். மேலே இன்ஷூரன்ஸ், 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரி). இந்த டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு கார்களுக்கு செஸ் நீங்கி, ஜிஎஸ்டி 40 சதவீதம் மட்டும் என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலை யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு காலை 11 மணிக்கு வரச் சொல்வார்கள். காலியான சர்வீஸ் ரோட்டில் மூன்று கிலோமீட்டர், அதில் எல்லா காரும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறரைக்கு, உங்கள் பாதையில் வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு டீலரிடம் போங்கள், சென்னையில் டீலருக்கா பஞ்சம்? வீல்சேரை எடுத்துப்போய் நீங்களே டிக்கியில் ஏற்றி, மூடிப் பாருங்கள். விற்பனைப் பையன் உதவிக்கு ஓடி வருவான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தினமும் அவன் வரப்போவதில்லை. வண்டி பதிவாவதற்கு முன்னால் அபார்ட்மெண்ட் தூண்களுக்கு நடுவே ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். கார் 4.3 மீட்டர் நீளம், கண்ணாடி சேர்க்காமல் 1.79 மீட்டர் அகலம். அதற்குமேல் வீல்சேர் நிற்க ஒரு பக்கம் இடம் வேண்டும்.

நீங்கள் போவது வேளச்சேரி, பள்ளிக்கரணை வழி என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எலிவேட் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், கிரெட்டா 190. தேங்கிய தண்ணீரில் 220 தைரியம் தரும், அந்தத் தைரியம்தான் ஆபத்து. காற்று இழுக்கும் குழாய் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. மற்றபடி, மழை எச்சரிக்கை வந்தால் ஊரோடு சேர்ந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டியதுதான்.

கடைசியாக உங்கள் இடது கால். ஆட்டோமேட்டிக்கில் அதற்கு வேலையே இல்லை, ஆனால் அதற்கு அது தெரியாது. 11 வருடப் பழக்கத்தில், சிக்னல் வந்ததும் கிளட்சைத் தேடிப்போய் அகலமான பிரேக் பெடலை ஓங்கி மிதித்துவிடும். வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இருப்பவர்கள் முன்னால் விழுவார்கள். இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டும். இடது காலை ஓரத்துப் பலகையில் பதித்து வையுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மடக்கிக்கொண்டாலும் தப்பில்லை. ஒரு ஞாயிறு காலை காலியான சாலையில் தனியாகப் பழகுங்கள். முதல் ஒரு வாரம் மட்டும் மாமியாரை ஏற்ற வேண்டாம்.