சோடியம் ஏன் கொடுக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், எட்டு எலக்ட்ரான்களோடு நிறைவடைவதற்காகவே சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது என்று பாடத்தை ஒப்பித்துவிட்டு, "எட்டு வேண்டும் என்று அணுவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேதியியல் படிக்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியை உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருந்தால் அணு நிலைபெறும் என்னும் எண்ம விதி, எந்த அணு எத்தனை எலக்ட்ரான்களை இழக்கும் அல்லது ஏற்கும் என்று ஊகிக்க உதவுமே தவிர, அதில் காரணம் இல்லை. காரணம் ஆற்றல் கணக்கில் இருக்கிறது.

வாயு நிலையிலுள்ள ஒரு மோல் (வேதியியலர் அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 496 கிலோ ஜூல் செலவாகிறது. அதைக் குளோரின் ஏற்கும்போது கிடைப்பதோ 349 கிலோ ஜூல்தான். ஆகவே, இரண்டும் விலகி நிற்கும் வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் நட்டத்தில்தான் முடியும். சோடியம் மனமுவந்து எதையும் கொடுப்பதில்லை. ஆனால் எலக்ட்ரானை இழந்தும் ஏற்றும் எதிரெதிர் மின்சுமை பெற்ற அந்த அணுக்கள், அதாவது அயனிகள், நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 787 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. சோடியம் உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகும் செலவையும் கழித்த பிறகு, மோலுக்கு 411 கிலோ ஜூல் அளவுக்கு ஆற்றல் வெளியேறுகிறது. உப்பு உண்டாவது இதனால்தான்.

அந்தப் படிகத்தில் சோடியம் குளோரைடு என்ற தனி மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்க, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயற்பியலர் பிராக் இதைக் காட்டியும், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலர் 1927இல்கூட அதை ஏற்க மறுத்து எழுதினார் என்றால், உங்கள் மகளின் குழப்பம் எவ்வளவு நியாயமானது என்பது புரியும். கல் உப்பை உடைத்து உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த முகங்கள் தட்டையாக, செங்கோணத்தில் தெரியும். அடி விழும்போது ஓர் அடுக்கு நகர்ந்து, ஒரே மின்சுமை கொண்டவை நேருக்கு நேர் வந்து விலக்கிக்கொள்வதால்தான் உப்பு வளையாமல் பிளக்கிறது.

உப்பைப் போல நீர் மூலக்கூறில் எலக்ட்ரான் கைமாறுவதில்லை. ஆக்சிஜன் அணுக்கருவும் ஹைட்ரஜன் அணுக்கருவும் இடையிலுள்ள இரு எலக்ட்ரான்களையும் சேர்ந்து ஈர்ப்பதால் மொத்த ஆற்றல் குறைகிறது; இதுவே சகப்பிணைப்பு. எனினும் ஆக்சிஜனின் இழுப்பு வலுவானது என்பதால் பங்கீடு சமமாக இல்லை. உப்பில் உள்ள அயனிப் பிணைப்பையும் சகப்பிணைப்பையும் இரு தனிப் பெட்டிகளாகக் கற்பிப்பது எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். பெரும்பாலான சேர்மங்கள் இடையில்தான் நிற்கின்றன.

எட்டு என்ற எண்ணும் எல்லாச் சேர்மங்களுக்கும் பொருந்திவிடுவதில்லை. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடில், வழக்கமான எண்ணிக்கைப்படி, கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. ஆற்றல் குறைகிறதா என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் பொருந்தும்.