ஊர்க் குளத்துக்கு உதவ வரும் நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லாப நோக்கமில்லாத ஊர்ப் பணிக்கு எந்த நிறுவனத்தைத் துணையாகச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது குளத்து வேலை. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியாக வந்து சேரும் ஒரு குளத்துக்காக ஏழெட்டுப் பேர் சேர்ந்து உழைக்கிறோம்.

எவ்வளவு தருவார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், இங்கிருந்து எதை எடுத்துப் போவார்கள் என்று கேளுங்கள். நாங்கள் இதைக் கற்றுக்கொண்டது ஒரு செங்கல் சூளைக்காரர் வந்தபோது. குளத்தைத் தூர்வார இரண்டு ஹிட்டாச்சி, டிப்பர், டீசல் எல்லாம் என் செலவு, ஒரு பைசா வேண்டாம் என்றார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். குழுவில் இருந்த ஒரு வயதான விவசாயிதான், "எத்தனை அடி தோண்டுவீங்க? மண்ணு எங்க போவும்?" என்று கேட்டார். சரியான பதில் வரவில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. அடியில் இருக்கும் களிமண் படிவத்தை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்கவே நிற்காது. அவருக்குத் தேவைப்பட்டது அந்தக் களிமண்தான். ஆழத்தையும் டிப்பர் கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னோம், அப்புறம் அவர் வரவில்லை. எங்களுக்கு வருத்தமில்லை.

பிறகு உதவியவர் நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். குளத்தின் கடைமடையில் அவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. குளம் பெருகினால் அவர் கிணறும் ஊறும், கும்பப்பூ நெல் சாகுபடிக்கு எங்கள் வயலும் நனையும். அவருடைய ஆதாயத்தை மறைக்காமல் சொன்னார், அதனாலேயே நம்பினோம். பணத்தை எங்கள் கையில் தராமல் பங்க்கிலேயே டீசலுக்குக் கட்டினார். கரையில் ஒரு பலகை கேட்டார், வைத்தோம். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி வேறு கதை. 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை வாங்கிச் செய்யும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகளோடு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், பொதுவாக மூன்று ஆண்டு வேலை செய்த அனுபவமும் வேண்டும். புதுக் குழு என்றால் இப்போதைக்கு உள்ளூர்க் கடைக்காரர்களோடு தொடங்குங்கள்.

யாராக இருந்தாலும், அவர்கள் ஏற்கெனவே உதவிய ஊருக்கு ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். திறப்பு விழா முடிந்து ஒரு வருஷம் கழித்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்தாலே போதும். சொந்தக்காரர் கடையாக இருந்தாலும் யார் எதைச் செய்வது, நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாள் ஒன்றரைப் பக்கம்தான், வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன்.