குட்டை நிறைந்தும் கிணறு ஏறாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (அவிநாசி வட்டம்): அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் ஊர்க் குட்டைக்கு வந்து கரை தொட்டு நிற்கிறது. குட்டைக்குக் கீழ்ப்புறத் தோட்டத்துக் கிணறு ஏறிவிட்டது. வடக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் கிணற்றில் ஒரு முழம்கூட ஏறவில்லை. அப்புறம் என்னங்க பிரயோசனம்?

பிரயோசனம் உண்டு, ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே சமயத்தில் கிடைக்காது. 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குத் தருகின்றன. ஆற்றில் உபரி இருந்தால்தான் மோட்டார் ஓடும். ஆகவே வந்த தண்ணீர் பூமிக்குள் இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் பாறைப் பூமி. மேல்மண்ணுக்குக் கீழே உதிர்ந்த பாறை கொஞ்சம், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடும். வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக் கிணறு ஏறும். பக்கத்திலேயே இருந்தாலும் வெடிப்புத் தொடர்பு இல்லாத கிணறு, மேட்டுக் கிணறு, சுற்றிலும் ஆயிரம் அடி போர் உறிஞ்சும் கிணறு இவையெல்லாம் தாமதமாகத்தான் ஏறும், சில ஏறாமலும் போகும்.

இன்னொரு காரணம், குட்டைத் தரையில் வருசக் கணக்கில் படிந்த வண்டல். களி மெழுகியதுபோல் அடைத்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம். அளவு கீறிய குச்சி ஒன்றைக் குட்டையில் நட்டு, மழையும் இல்லாமல் குழாய்த் தண்ணீரும் வராத பத்து நாள் மட்டத்தைக் குறித்து வாருங்கள். வெயில் காலத்தில் ஆவியாகி மட்டும் ஒரு நாளைக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் குறையும். மொத்தக் குறைவே அவ்வளவுதான் என்றால் கீழே ஒன்றும் இறங்கவில்லை. குட்டை வற்றியதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். கிராவல் கிடைக்கிறதே என்று கரையடியில் குழி பறிக்க விடாதீர்கள். கரை உட்கார்ந்தால் குட்டையே போய்விடும்.

அதோடு குட்டையை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து வந்தாலும் 8,000 லிட்டர் உங்கள் கிணற்றுக்கு. தோட்டத்தின் தாழ்வான மூலையில் மூன்றடி ஆழத்தில் வண்டல் படியும் குழி ஒன்று எடுங்கள். அதை அடுத்து ஆறடிக்கு ஆறடி, ஆழமும் ஆறடியாக வடிகுழி. அடியில் இரண்டடி சக்கைக்கல், மேலே இரண்டடி 40 மி.மீ. ஜல்லி, அதற்கு மேல் ஓரடி மணல், கடைசி ஓரடி காலி. அடியிலிருந்து நான்கு அங்குலக் குழாய் கிணற்றுக்குள் போக வேண்டும். குழாய் முனை சுவரை விட்டு இரண்டடி நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் விழும் தண்ணீர் கிணற்றுச் சுவரை அரித்துச் சரித்துவிடும். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில்: முதல் குழி எடுக்காமல் விட்டு ஒரே மழையில் மணல் அடைத்துக்கொள்வது, மாட்டுக் கட்டுத்தரைத் தண்ணீரையும் சேர்த்து விட்டுக் கிணற்று நீரைக் கெடுப்பது. வருசத்துக்கு ஒரு முறை புரட்டாசியில் மேல்மணலில் இரண்டு அங்குலம் சுரண்டிப் புது மணல் போட்டால் போதும்.

கேள்வி (காங்கயம்): கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி வைக்கலாம் என்றால், ‘காலம் போன காலத்தில் கிளுவையா, கம்பி வேலி போடு’ என்கிறார் பங்காளி. எது நல்லது?

கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்கு முள்செடியான கிளுவையேதான். கம்பி துருப்பிடிக்கும், கல்தூண் சாயும், ஆட்டுக்குட்டி அடியில் நுழையும். கிளுவை வருசம் ஏற ஏறத் தடிக்கும். உங்கள் பங்காளி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. முதல் மூன்று வருசம் கிளுவை வேலியே அல்ல, வெறும் குச்சி வரிசை. அதைத் தாண்டக் காவல் வேண்டும்.

போத்து, அதாவது நடும் கொம்பு, வெட்டும் பருவம் முக்கியம். இலை உதிர்ந்து மரம் வெறுமனே நிற்கும் கோடையில், கோடை மழைக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத முற்றிய கொம்பாக மூன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். பச்சைத் தளிர்க்கொம்பு அழுகும். வெட்டிய கையோடு நடவேண்டாம். நிழலில் நாலைந்து நாள் போட்டு வெட்டுவாயில் கசிவு காய்ந்த பிறகு நடுங்கள். கடப்பாறையில் ஓரடி ஆழம் குழி போட்டு, அரையடிக்கு ஒன்றாக நட்டு, மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் வேர் விடாது. தலைகீழாக நட்டுவிடுவதும் நடக்கிறது, அதனால் வெட்டும்போதே மேல்முனையைச் சாய்வாகவும் அடிமுனையை நேராகவும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே இரண்டு வரிசை கொம்பு வைத்துக் கட்டினால் காற்றில் ஆடாது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் கிளுவை நிற்காது, அங்கே வேறு முள் வையுங்கள்.

பட்டுப்போன இடங்களில் மறு வருசம் போத்து ஊன்றி அடைக்க வேண்டும். இதை விட்டவர்கள்தான் ‘கிளுவை சரியில்லை’ என்பார்கள். ஆடு துளிரைக் கடிக்காமல் முதல் இரண்டு வருசம் வெளிப்புறம் முள் அடைப்பது கட்டாயம். நடுவில் கடவு ஒன்று விட்டுப் படல் போட்டுவிடுங்கள்.

உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் இருந்தால்தான் அது கொறங்காடு. காட்டை மூன்று நான்கு துண்டாகக் கிளுவையாலேயே பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவை தழையட்டும். புல் விதை முற்றி உதிரும் முன் ஆடு மாட்டை விட்டால் அடுத்த வருசம் அந்தத் துண்டு கட்டாந்தரை. கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய்தான் செம்மறிக்குத் தீவனம். அந்த மரத்தை விறகுக்கு வெட்டுவது எனக்குப் பொறுக்காத காரியம். வேலிக்குள் கௌதாரி முட்டையிடும், கீரி குடியிருக்கும். கம்பி வேலியில் அதெல்லாம் கிடையாது.

கேள்வி (ஆனைமலை): தென்னை மட்டையெல்லாம் கருப்பாகப் பூசினாற்போல் இருக்கிறது. கடைக்காரர் மருந்து தருகிறார். அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம். அது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். கீற்றின் அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளைப் பொடியால் சுருள் சுருளாகக் கோடு போட்டிருக்கும். அது கழிக்கும் தேன்பசை கீழ்மட்டையில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. ஈயைத் தின்று கட்டுப்படுத்துவது என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி. கடை மருந்து முதலில் கொல்வது அதைத்தான். அதனால்தான் மருந்து அடித்த தோப்பில் ஈ மறுபடி பெருகுகிறது.

ஈக்குஞ்சு வெள்ளையாக இல்லாமல் கருத்திருந்தால் குளவி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கீற்றுத் துண்டுகளை வெட்டி, ஈ அதிகமுள்ள மரங்களில் செருகுங்கள். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டுப் பத்து இடத்தில் ஆறடி உயரத்தில் கட்டுங்கள், வாரம் ஒரு முறை துடைத்து மறுபடி தடவ வேண்டும். கருப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சி காய்ச்சிக் கலந்து, வெயில் நாளில் அடித்தால் காய்ந்து பொரிந்து உதிரும். இளங்கன்றுக்கு வெறும் தண்ணீரையே விசைத்தெளிப்பானில் கீற்றடியில் பீய்ச்சினாலே போதும்.

கேள்வி (பல்லடம்): ஆனி, ஆடியில் காற்று ஆளைத் தள்ளுகிறது, மழை மட்டும் இல்லையே, ஏன்?

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். தென்மேற்குக் காற்று ஈரத்தை மலைக்கு அந்தப் புறம் கொட்டிவிட்டு, அந்தச் சந்தில் நெருக்கியடித்து வருகிறது. அதே காற்றில் வால்பாறைச் சின்னக்கல்லாறு நனைகிறது, பல்லடம் காய்கிறது. நமக்குப் பெரும் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வாழை வைத்தவர்கள் வைகாசிக்குள் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (தாராபுரம்): மயில் விதையைப் பறித்துத் தின்கிறது. குருணையில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்களே?

செய்யாதீர்கள். 1972 வன உயிரினச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் மூன்று வருசத்துக்குக் குறையாத சிறை. மருந்துக் குருணையைக் கோழியும் புறாவும் நாயும் தின்று சாகும். மயில் வருவது விடியற்காலையும் பொழுதோடவும்தான், அந்த இரண்டு வேளைக் காவல் விதைத்த நாளிலிருந்து முளைத்துப் பத்து நாள் வரை போதும். நாற்றங்காலுக்குப் பழைய மீன்வலை மூடாக்கு. மினுமினுக்கும் நாடா நாலு நாள் பயமுறுத்தும், அப்புறம் பழகிவிடும், அதனால் இடம் மாற்றிக் கட்டுங்கள். சேதம் பெரிது என்றால் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (திருப்பூர்): நஞ்சராயன் குளம் ராம்சர் தலமாகிவிட்டது என்று செய்தி. எங்களுக்கு என்ன வந்தது?

ராம்சர் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். நம் பக்கத்தில் 2022-இல் வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் 2024 ஆகஸ்டில் நஞ்சராயனும் அதில் ஏறின. பட்டியலில் ஏறியதால் குளத்துக்குத் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது, ஆனால் சாக்கடையும் சாயமும் குளத்துக்குத் தண்ணீர் தரும் நல்லாற்றில் விடப்படும்போது கேள்வி கேட்க உங்களுக்கு வலுவான பிடி வந்திருக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை, காலை ஏழு மணிக்குள் போய்ப் பாருங்கள். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வந்து இறங்குகிறது. நுரையோ நிற மாற்றமோ கண்டால் தேதி, நேரம், இடத்தோடு படமெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் குறைதீர் நாளுக்கும் மனுவாகக் கொடுங்கள். தேதி இல்லாத புகார் கோப்பில் தூங்கும்.

கேள்வி (அந்தியூர்): நல்ல தெளுவு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெளுவு என்கிற பதநீரை வெயில் ஏறுமுன் குடியுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது, அடியில் வெள்ளை மண்டி இருந்தால் அது சுண்ணாம்பு, மேலாக வடித்துக் குடிக்கலாம். நுரை கட்டி மூக்கில் ஏறும் வாடை வந்தால் புளித்துவிட்டது. விழுங்கிய பிறகும் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டு கடைசியில் கசந்தால் சாக்கரின் கலந்தது, வாங்காதீர்கள்.