விவரம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் உங்கள் பெண்

கேள்வி: எனக்கு 52 வயது. சரித்திர நாவல்கள் என்றால் உயிர். என் ஒரே மகளுக்குக் கல்யாணமாகி பத்து மாதம்தான் ஆகிறது. போன மாதம் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டில் பெரிய குறை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. போட்ட நகையைக்கூட எடுக்காமல், பி.எட். சர்டிபிகேட் ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், அவ்வளவு விவரம் இல்லாதவள். அக்கம்பக்கத்தில் பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் போல அவளும் நிறைய படிப்பாள். வேலு நாச்சியார் மாதிரி, எத்தனை கஷ்டம் வந்தாலும் தாங்கி நின்ற பெண்களைப் பற்றிப் புதிதாக வந்திருக்கும் சரித்திர நாவல்களைச் சொல்லுங்கள். படித்தால் அவளுக்கும் மன உறுதி வரும்.
– பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நாவல்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ஃபைல்.

கோபத்தில் கிளம்புகிற பெண் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவாள். உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவள் செருப்புகூடப் போடாமல் வருவாள். உங்கள் மகள் பீரோவைத் திறந்து, தேடி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரை இருந்த ஃபைலை எடுத்திருக்கிறாள். இது ஒரு ராத்திரியில் எடுத்த முடிவாக எனக்குத் தெரியவில்லை. இனிமேல் என் சோற்றை நான்தான் சம்பாதிக்க வேண்டும் என்று பல நாள் யோசித்த பெண் செய்கிற காரியம் இது. அவளை விவரம் இல்லாதவள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நகையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எடுத்திருந்தால் 'நகையோடு ஓடிவிட்டாள்' என்ற பேச்சு மறுநாளே கிளம்பியிருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். இல்லை, நகை அவள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். கல்யாணமான மறுவாரமே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று மாமியாரின் லாக்கருக்குப் போய், பிறகு பெண் கண்ணில் படாத நகைகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் மகள் விஷயத்தில் எது நடந்தது? ஒரு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், கேட்டீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன். பி.எட். முடித்த பெண் பத்து மாதமாக ஏன் வேலைக்குப் போகவில்லை? போக விரும்பவில்லையா, விடவில்லையா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்கம்பக்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை மட்டும் இருக்கிறது.

குடும்பம் உடையக் கூடாது என்று நினைக்கிறவள்தான் நானும். சின்ன மனஸ்தாபத்துக்கெல்லாம் கோர்ட் படி ஏறுவதை இந்தப் பகுதியில் நான் ஆதரித்ததில்லை. ஆனால் குடும்பம் என்பதில் பிறந்த வீடும் சேர்த்திதான். தாலி ஏறியதோடு பெற்றவர்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. கட்டிக்கொடுத்த பிறகுதான் அது உண்மையிலேயே ஆரம்பிக்கிறது. மகள் வாசலில் வந்து நின்றால் முதலில் சோறு போட வேண்டும், அடுத்து அவள் பேசுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து 'பார், அவர்கள் எவ்வளவு தாங்கினார்கள்' என்று சொன்னால், 'நீயும் போய்த் தாங்கு' என்றுதான் அவள் காதில் விழும். அதன் பிறகு அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

வேலு நாச்சியாரை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். சரி, அவர் கதையையே எடுத்துக்கொள்வோம். 1772இல் காளையார்கோவிலில் அவர் கணவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சீமை பறிபோனது. மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு வேலு நாச்சியார் வெளியேறினார். சிவகங்கையிலேயே இருந்து, வந்தவர்களுக்கு அடங்கி நாளைக் கழிக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் விருப்பாச்சியில் போய் இருந்தார். மைசூரை ஆண்ட ஹைதர் அலி பாதுகாப்புக் கொடுத்தார். பிரதானியாக, அதாவது அமைச்சராக இருந்த தாண்டவராய பிள்ளை, ராணிக்காகப் படை உதவி கேட்டு ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். எட்டு ஆண்டுகள் இப்படிப் போயின. 1780இல் மருது சகோதரர்களோடு படை திரட்டிப் போய்ச் சிவகங்கையை மீட்டார்.

அந்த எட்டு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். விருப்பாச்சியில் இடம் கிடைக்காமல் போயிருந்தால் 1780 நடந்திருக்காது. 'எத்தனை நாள் இங்கே இருக்கப் போகிறாய், ஊர் என்ன பேசும்' என்று யாராவது அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இன்று நீங்கள் உதாரணம் காட்ட அந்தப் பெயரே இருந்திருக்காது. உங்கள் மகளுக்கு விருப்பாச்சியாக இருக்க வேண்டியது உங்கள் வீடு. அன்றைக்கு ஒரு பெரியவர் ராணிக்காகப் படை கேட்டுக் கடிதம் எழுதினார். நீங்கள் மகளைத் திருப்பி அனுப்புவதற்குப் புத்தகம் கேட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்குத் தலையை மழித்து மூலையில் உட்காரவைப்பதுதான் வழக்கம். அப்பா சுப்பிரமணிய அய்யர் அதைச் செய்யவில்லை, படிக்க வைத்தார். உறவுக்காரர்கள் பேசாமலா இருந்திருப்பார்கள்? அவரும் அக்கம்பக்கம் உள்ளவர்தானே. 1911இல் மகள் சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் பட்டம் வாங்கினார். அப்புறம் தன்னைப் போன்ற பால்ய விதவைகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் படிக்க வைத்தார். இப்போது விவேகானந்தர் இல்லம் என்று மெரினாவில் நிற்கிறதே, அந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான் அந்தப் பெண்கள் இருந்தார்கள். அந்த அப்பாவைப் பற்றி யாராவது ஒரு நல்ல நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை.

இப்போது நாவல்கள். உங்கள் மகளுக்கு இல்லை, உங்களுக்கு. உங்கள் கணவரும் படித்தால் நல்லது. புதியவை கேட்டீர்கள், நான் சொல்வதில் பழையதும் இருக்கும்.

முதலில் ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்'. முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை, அவரை அறிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதியது. தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் கணவரை இழந்த பெண். சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிக்கொண்டிருந்த பண்ணையாட்களுக்காக வயல் வரப்பில் இறங்கினார். முடியை வெட்டி கிராப் வைத்துக்கொண்டார், வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டார். ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். 1953இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். அந்த வாழ்க்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தனக்கென்று வகுத்துவைத்த மூலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் மணியம்மை ஆகிறார். பொறுமையாக உள்ளேயே இருந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது.

அடுத்து, சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008இல் வந்தது, 2011க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், பயப்படாதீர்கள். உங்களுக்காக நான் சொல்வது அதன் ஆரம்பம் மட்டும்தான். மாலிக் காபூரின் படை மதுரைக்குள் புகுகிறது. காவல்காரன் கொல்லப்படுகிறான். அவன் மனைவி சடச்சி, வயிற்றில் பிள்ளையோடு ஊரை விட்டு வெளியேறுகிறாள். நாவலில் வருகிற தாதனூர் முழுக்க அவள் வழியில் வந்ததுதான். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் களவும் காவலும் அந்த ஒருத்தி நடந்து போனதிலிருந்து கிளைக்கிறது. அதில் ராணிகளும் வருகிறார்கள், படைகளும் வருகின்றன. எனக்கு மனதில் நிற்பவள் சடச்சிதான்.

வாஸந்தியின் 'விட்டு விடுதலையாகி' தேவதாசி முறை ஒழிப்புக் காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. அதைப் படிக்கும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போக இடமில்லாமல் தன் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களுக்காக 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர் அவர். பெறாத பிள்ளைகளுக்கே கதவைத் திறந்தார்.

ஈழத்துத் தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' இறுதிப் போர்க்கால வன்னியைச் சொல்கிறது. குடும்பத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு இடம் மாறி இடம் மாறிப் போகிற ஒரு மூத்த பெண்ணின் கதை. மெதுவாகப் படியுங்கள், ஒரே மூச்சில் முடியாது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துப் போகப்பட்ட கருப்பன், வள்ளி என்ற தம்பதியைப் பற்றியது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றால் எப்படிப்பட்ட கஷ்டத்தையும் தாங்கலாம் என்பதற்கு இதைக் காட்டலாம். அந்தத் துணை உங்கள் மகளுக்குக் கிடைத்ததா என்பதுதான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மகள் தானாகவே 'படிக்க ஏதாவது கொடு' என்றால் சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' கொடுங்கள். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில், கணவன் கடல் கடந்து போய்விட, மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிழைக்கும் ஒரு தாயின் கதை. அதைக் கொடுக்கும்போது புத்திமதி எதுவும் சொல்லாதீர்கள்.

அப்புறம், செய்ய வேண்டிய காரியங்கள். அவள் பேசுகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு யாரும் சமாதானத்துக்குப் போகக் கூடாது. என்ன நடந்தது என்று தெரியாமல் போனால், அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். நீங்கள் போட்ட நகைகளைப் பில்லோடு பட்டியல் எடுத்து வையுங்கள். அவை சட்டப்படி அவளுடைய சீதனம், கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடி, மிரட்டல் என்று ஏதாவது தெரிய வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் 181க்குப் பேசுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வழக்கறிஞர் இலவசம். அப்படி எதுவும் இல்லை, பேசித் தீர்க்கிற பிரச்சினைதான் என்று அவளே சொன்னால், உங்கள் கணவரும் தாய்மாமனும் போய்ப் பேசட்டும். திரும்பிப் போவதா வேண்டாமா என்ற முடிவு அவளுடையது. பேச்சுவார்த்தையில் அவளும் உட்கார வேண்டும்.

ஊருக்குப் பதில் சொல்வதை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள், அது அப்பாவின் வேலை. உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வை அவள் எழுதிவிட்டாளா என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் படிக்க ஓர் அறையை ஒழித்துக் கொடுங்கள், அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.