சீருடை ஆட்சியும் பெண்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் பர்மா (இன்றைய மியான்மர்) என்றாலே ஐயா காலத்தில் பறிபோன கடையும் பணமும்தான் பேச்சு. 2021-ல் அங்கே பெண்கள் லுங்கியைத் துணிக்கொடியில் கட்டி ராணுவத்தைத் தடுத்தார்களாமே, அது எப்படி? – கானாடுகாத்தான் வாசகி

பதில்: நம் செட்டிநாட்டு வட்டகை முழுக்க அதே பேச்சுதான். கிட்டங்கிக்கு, அதாவது கடல் கடந்த கடைக்கும் விடுதிக்கும், போனவர்கள் ஆண்கள்; ஆச்சிமார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். 1962 மார்ச் 2-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், மறு ஆண்டு வங்கிகள் அரசுடைமையாகின, 1964-ல் கடைகளும் அரசிடம் போயின, 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. எல்லாம் பேரேட்டுக் கணக்காகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. பர்மியப் பெண்கள் பட்ட பாடு அந்தக் கணக்கில் ஏறவில்லை.

அங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கிக்குத் தமெய்ன் என்று பெயர். அதன் அடியில் நடந்தால் ஆணின் மகிமை குறைந்துபோகும் என்பது பழைய நம்பிக்கை. 2021 மார்ச்சில், மகளிர் தினத்தை ஒட்டி, ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்கள் தெருவின் இரு பக்கமும் கயிறு இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். படையினர் வண்டியை நிறுத்தி, மேலே ஏறி அவற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது. அந்தச் சில நிமிடங்களில் தெருவின் உள்ளே இருக்கும் போராட்டக்காரர்கள் தப்பி ஓடலாம். சில இடங்களில் சானிட்டரி நாப்கினில் தளபதி மின் ஆங் லைங் படத்தை ஒட்டித் தரையில் பரப்பினார்கள். இளைஞர்கள் சிலர் தமெய்னைத் தலையில் முண்டாசாகவே கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அது குண்டைத் தடுக்காது. தூரத்திலிருந்து சுடுகிறவன் கயிற்றுக்கு அடியில் வர வேண்டியதில்லை. போராட்டத்தின் முதல் பலி, பிப்ரவரி 9-ல் நேபிடோவில் தலையில் சுடப்பட்டு 10 நாளில் இறந்த பெண். சுடப்பட்டபோது வயது 19. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ராணுவம் எழுதிய 2008 அரசியல் சாசனத்தின் 352-வது பிரிவு, பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டு, ஆண்களுக்கு மட்டுமே பொருத்தமான பதவிகளில் ஆண்களை நியமிப்பதற்குத் தடையில்லை என்று முடிகிறது. நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் தளபதி நியமிக்கும் ராணுவத்தினருக்கு. தமெய்ன் தொங்கவிட்டதை வெறும் வேடிக்கைச் செய்தியாகப் படிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். அர்ஜென்டினாவில் ராணுவச் சிறைகளில் நடந்த பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை கிடைக்க 30 ஆண்டுக்கு மேல் ஆனது ஏன்? பெண்கள் பேசவில்லையா? – தேவகோட்டை வாசகி

பதில்: பேசினார்கள். 1985-ல் தளபதிகள் மீது நடந்த வழக்கிலேயே சாட்சி சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பதில்தான் கோளாறு. மின்சாரம் வைத்தது, அடித்தது, பட்டினி போட்டது எல்லாவற்றோடும் சேர்த்துச் 'சித்திரவதை' என்ற ஒரே பெட்டியில் பாலியல் வன்கொடுமையையும் போட்டு மூடினார்கள்.

1987-ல் வந்த சட்டம், மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம் என்று சொன்ன ராணுவத்தினரை விடுவித்தது. ஆனால் வன்புணர்வையும் குழந்தைத் திருட்டையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. கதவு திறந்தே இருந்தும் வன்புணர்வு வழக்கு நகரவில்லை. காரணங்கள் பல. அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் 1999 வரை அதைப் பெண்ணின் ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமாக வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவரே முன்வந்து புகார் தராமல் வழக்கு தொடங்காது. பெண்களின் தலையில் முக்காட்டுப் பை மாட்டியிருந்தார்கள், ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை. உடம்பைத் தொட்டவன்தான் குற்றவாளி என்று நீதிபதிகள் கருதியதால், முகாமை நடத்திய அதிகாரி தப்பினார். 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுவிப்புச் சட்டங்களை ரத்து செய்தது. வன்புணர்வை மனித குலத்துக்கு எதிரான குற்றமாகவே கொண்டு முதல் தண்டனை 2010-ல் மார் டெல் பிளாட்டா நகர நீதிமன்றத்தில் வந்தது.

சிலியின் கணக்கையும் பாருங்கள். ராணுவ ஆட்சிக் காலச் சிறை, சித்திரவதை பற்றி விசாரித்த வலெக் கமிஷனின் 2004 அறிக்கைக்கு 3,399 பெண்கள் வாக்குமூலம் தந்தார்கள். கமிஷன் தனியாகக் கேட்காமலேயே ஏறத்தாழ எல்லோரும் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும்!

நீங்கள் நாளைக்கு வாக்குமூலம் எடுக்கப்போகிறவர், ஆகவே சொல்கிறோம். பாலியல் கொடுமைக்குத் தனித் தாள் வையுங்கள். இடம், தேதி, எந்தப் படைப்பிரிவு, அங்கே யார் பொறுப்பதிகாரி, எத்தனை காவல் மாற்றம் என்று கேளுங்கள். தொட்டவனின் பெயர் தெரியாவிட்டாலும் மேலே இருந்தவனைப் பிடிக்க இவை உதவும். முன்பே யாரிடமாவது சொல்லியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சின்ன விவரம் மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: அர்ஜென்டினாவில் ராணுவச் சிறையில் பிறந்து பறிக்கப்பட்ட குழந்தைகளைப் பாட்டிகள் ரத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். பெற்றோர் இல்லாமல் எப்படி முடியும்? – காரைக்குடி வாசகர்

பதில்: உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் டிஎன்ஏ தாய்வழியில் மட்டுமே இறங்கும். அம்மா இல்லாவிட்டாலும் அம்மாவைப் பெற்றவளிடம் அதே வரிசை இருக்கும். பாட்டி போய்விட்டால் அம்மாவுடன் பிறந்தவர்களிடம் எடுக்கலாம். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1984 முதல் பாட்டிகளுடன் சேர்ந்து இந்தக் கணக்கை வகுத்தார். ஆரம்பத்தில் ரத்த வெள்ளணு வகைகளை ஒப்பிட்டார்கள். அதற்கு நான்கு தாத்தா பாட்டியும் உயிரோடு இருந்தால் நல்லது, ஒருவர் குறைந்தாலும் உறுதி குறையும். பாட்டிகளுக்கு வயதாகிறது என்பதால் 1987-ல் சட்டம் போட்டுத் தேசிய மரபணு வங்கி அமைத்தார்கள். தேடிய குழந்தைகள் சுமார் 500. இதுவரை 130-க்கும் மேற்பட்டோர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வளர்த்தவர்கள் தடுத்தபோது, பல் துலக்கும் பிரஷ், உடுப்பு ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுக்க 2009-ல் சட்டம் வழி செய்தது. குழந்தைத் திருட்டைத் திட்டமிட்டு நடத்தியதற்காக, ராணுவ ஆட்சித் தலைவராக இருந்த விடேலாவுக்கு 2012-ல் 50 ஆண்டு சிறை.

கேள்வி: பாகிஸ்தானில் ராணுவ ஆட்சியாளர் ஜியா காலத்தில், வன்புணர்வை நிரூபிக்க நான்கு ஆண் சாட்சி வேண்டும் என்றார்களே? – திருப்பத்தூர் வாசகர்

பதில்: மத நெறிப்படி தண்டனை தரும் 1979 ஹுதூத் சட்டத்தில், உச்சத் தண்டனைக்கு அந்த நிபந்தனை. நிரூபிக்க முடியாத பெண்ணின் புகாரையே, தகாத உறவை அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்ட வழக்குகள் உண்டு. 1983 பிப்ரவரி 12-ல் லாகூரில் சாட்சியச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போன பெண்களைப் போலீஸ் தடியால் அடித்தது. வன்புணர்வு பழையபடி தண்டனைச் சட்டத்துக்குத் திரும்பியது 2006-ல்தான்.

கேள்வி: மார்ச் 8-க்கு எங்கள் மகளிர் குழு, சிலி நாட்டுப் பெண்கள் தைத்த துணிப் படம் போல ஒன்று தைக்க ஆசைப்படுகிறது. முறை சொல்லுங்கள். – பள்ளத்தூர் வாசகி

பதில்: அதற்கு ஆர்பியேரா என்று பெயர். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காணாமல் போனவர்களின் தாய், மனைவிமார், கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் கூடித் தைத்தார்கள். அதே காலத்தில் ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் மனைவி தலைமையிலான அன்னையர் மையங்கள் பெண்களுக்குத் தையல், சமையலோடு பணிவையும் சொல்லிக்கொடுத்தன.

சாக்குத் துணி ஒன்றரை அடிக்கு ஓரடி போதும். முதலில் அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கிப் படம் கோணும். ஓரம் பிரியும், ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். பின்னணியை முதலில், வீடு மரம் அடுத்து, மனித உருவங்களைக் கடைசியில் வையுங்கள். உருவத்துக்குள் பஞ்சு அடைத்துத் தனியே செய்து ஒட்டுத்தையல் போடுங்கள். பழைய கண்டாங்கித் துண்டு அருமையாக இருக்கும், ஆனால் சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கோணி ஊசி வேண்டாம், மெல்லிய துணியைக் கிழித்துவிடும். எம்பிராய்டரி நூலில் மூன்று இழை போதும்.

பின்பக்கம் சிறு பை வைத்து, படம் யாரைப் பற்றியது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். சிலியில் அப்படித்தான் செய்தார்கள், தைத்தவர் பெயர் போடாமல். நீங்கள் உங்கள் பெயரைப் போடலாம்.